பத்மராஜ் சாரின் எழுத்து

ஸ்வர்ணலதா வேலைக்குச் சேர்ந்த 1993ஆம் வருஷத்தில் அந்தத் துறைக்குப் பெயரே கிடையாது. பல்கலைக்கழகம் ஆரணியில் நடத்திவந்த முதுகலை மையத்தின் நூலகத்தில், பழைய செய்தித்தாள் கட்டுகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, ஏ.சி. மாட்டி, ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனால் பத்மராஜ் உட்கார்ந்திருப்பார். ஸ்வர்ணலதா தறிக்காரர் வீட்டுப் பெண். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தாள். தற்காலிக வேலை என்றுதான் எடுத்தார்கள். கடைசிவரை அது தற்காலிகமாகவே இருந்தது.

பத்மராஜ் தேசூர்க்காரர், தமிழ்ச் சமணரான நயினார் வீட்டுப் பிள்ளை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் சாயங்காலம் ஐந்தரைக்கே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவர். கம்ப்யூட்டரைத் தானாகவே புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டவர். நூலகத்தில் இருக்கும் எல்லாப் புத்தகங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "தமிழ்ப் புஸ்தகத்த எப்படி ஏத்தறது?" என்பதுதான். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள் என்றார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

கிராஃப் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கட்டம் கட்டமாகக் கறுப்படித்து உருவாக்கினார். ஸ்வர்ணலதா எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வூட்ல சேலைல புட்டா போடறதுக்கும் இப்படித்தான் சார் கட்டம் போடுவாங்க" என்றாள்.

"அப்ப நீ கத்துக்கினே வந்திருக்க. இந்த 'ணை'யக் கொஞ்சம் பாரு, வயிறு பெருசா இருக்குது" என்று தாளை அவள் பக்கம் தள்ளினார்.

எழுத்து வந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. அந்தக் காலத்து டிஸ்க்கில் இடம் சொற்பம். அத்தனை தலைப்புகளும் கொள்ளாது. அதற்கும் பத்மராஜ் ஒரு வழி கண்டுபிடித்தார். அடிக்கடி வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டார். 'புராணம்' என்று அடித்தால் உள்ளே ஒரு எண்தான் போய் உட்காரும். திரையில் பார்க்கும்போது அவருடைய புரோகிராம் அதை மறுபடி 'புராணம்' என்று விரித்துக் காட்டும். எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்பது புரோகிராமுக்குள் இருந்தது, அவருக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

நாலு வருஷம் ஸ்வர்ணலதா அடித்தாள். ஆரணியிலும் சுற்றுவட்டாரத்திலும் பல குடும்பங்கள் வீட்டிலிருந்த பழைய தமிழ்ப் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்திருந்தன. வைத்தியம், சோதிடம், சமண நூல்கள், ஊர் அச்சகங்களில் நூறு பிரதி மட்டும் போட்ட தலபுராணங்கள். தூசியில் அவளுக்கு இருமல் வந்து, வருஷத்தில் பாதி நாள் நிற்காமல் இருந்தது. நடுவில் கல்யாணமாயிற்று, ஒரு பிள்ளை பிறந்தது, அது தங்கவும் இல்லை. பத்தாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். பத்மராஜ் அவள் அடிக்க வேண்டிய புத்தகக் கட்டில் பாதியை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் ஏறி முடிந்ததும், இனி வேண்டாம் என்று புத்தகப் பெயர் எழுதிவைத்த பழைய பட்டியல் அட்டைகளைப் பெட்டியோடு ஏலம் விட்டார்கள். அறைக்குக் 'கணினிப் பிரிவு' என்று பெயர்ப் பலகை வந்தது. மாணவர்கள் தலைப்பைத் தமிழில் அடித்துத் தேடினார்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நூலகர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்த ஐந்தாறு வருஷம்தான் பத்மராஜ் சிரித்த முகமாக இருந்த காலம்.

2003இல் ஹேமநாத் புதிய நூலகராக வந்தார். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கெட்டவர் என்று ஸ்வர்ணலதாவால் சொல்ல முடியாது. அவசரக்காரர். வந்த மூன்றாம் மாதமே கணினிப் பிரிவு 'தகவல் தொழில்நுட்பத் துறை' ஆயிற்று. சென்னைக் கம்பெனி ஒன்றின் மென்பொருளை வாங்குவதாக முடிவாயிற்று. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஹேமநாத் கேட்டார்.

"சார், நல்லாத்தான் பண்ணிக்கிறீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரே ஆள் எழுதின புரோகிராம். நாளைக்கு நீங்க இல்லன்னா யாரு பாக்கறது?"

"நான் எங்க போறேன்?" என்றார் பத்மராஜ்.

அடுத்த மாதமே அவரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. மதிப்பெண் பட்டியல் அச்சடிக்கும் வேலை. மூன்று வாரம் போனார். பிறகு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுத் தேசூருக்குப் போய்விட்டார். புறப்படும்போது தன்னுடைய ஃப்ளாப்பிகளை மட்டும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டார். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் வந்து தகவல்களைப் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். பழைய கம்ப்யூட்டர்கள் உடனே கழித்துக் கட்டப்பட்டன. ஆங்கிலப் புத்தகங்கள் ஒழுங்காக வந்தன. தமிழ்ப் புத்தகங்களில் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக எண்கள் நின்றன. பத்மராஜ் இல்லாமல் அந்த எண்களை விரிக்க முடியாது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

தேடினால் வராத புத்தகத்தை யார் கேட்பார்கள்? தமிழ் அடுக்குகளின் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்தது. போதாததற்கு அடுத்த வருஷம் தமிழ் முதுகலை வகுப்பையே தலைமை வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஸ்வர்ணலதா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தேசூருக்குப் போனாள். பத்மராஜின் மனைவி ரத்னாவதி மோர் கொடுத்து உபசரித்தாள். பத்மராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"யாரு அனுப்பிச்சாங்க ஒன்ன?"

"யாரும் அனுப்பலீங்க சார். நானா வந்தேன்."

"அதான் பாத்தேன். அவங்களுக்கு வேணும்னா அவங்க வரட்டும். ஹேமநாத் வந்து கேக்கட்டும், குடுக்கறேன். பத்து வருஷம் ஒழைச்சதத் தூக்கிக் கடாசிட்டு, இப்ப ஒன்ன விட்டு வாங்கிக்கலாம்னு பாக்கறாங்களா?"

"உங்க அப்பா குடுத்த புஸ்தகமும் அதுல இருக்குதுங்க சார்."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு இறுகிவிட்டது. "புஸ்தகம் எங்கயும் ஓடிப்போகாது. அலமாரிலதான இருக்குது? இருக்கட்டும்."

திங்கட்கிழமை ஹேமநாத்திடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் ஏம்மா போகணும்? கவர்மென்ட் சம்பளம் வாங்கிகினு எழுதின புரோகிராம். சட்டப்படி அது யுனிவர்சிட்டிக்குத்தான் சொந்தம். அவரு வீட்டு வாசல்ல போய் நான் நிக்கணுமா?"

இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் இரண்டு பேரும் அசையவில்லை. ஸ்வர்ணலதா தானே அந்த எண்களை உடைத்துப் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, அதன் தலைப்பையும் திரையிலிருந்த எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தாள். 'சிந்தாமணி' கிடைத்தது, 'மாலை' கிடைத்தது. ஆனால் ஒரே எண் ஓரிடத்தில் ஒரு சொல்லாகவும் வேறிடத்தில் வேறாகவும் வந்தது. அதற்கு ஏதோ ஒரு விதி இருந்தது. அது அவளுக்குப் பிடிபடவில்லை. மறுபடி எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்று கேட்டதற்கு, ஆங்கிலப் பத்திரிகைகளை ஏற்றும் வேலையைக் கொடுத்தார்கள்.

2006இல் டிஜிட்டல் அரங்கு அமைக்க அனுமதி வந்தது. ஐம்பது கம்ப்யூட்டர்கள். அதற்கு இடம் வேண்டும். கீழ்த்தளத்தில் தமிழ் அடுக்குகள் இருந்த கூடத்தைப் பார்த்தார்கள். ஒரு குழு போட்டார்கள். மூன்று வருஷமாக ஒருமுறைகூட வெளியே போகாத புத்தகங்களைக் கழித்துவிடலாம் என்று குழு முடிவு செய்தது. அந்தப் பட்டியலை எடுக்கும் வேலை தகவல் தொழில்நுட்பத் துறைக்கு வந்தது. அதாவது ஸ்வர்ணலதாவுக்கு.

அவள் ஹேமநாத்தின் அறைக்குப் போய் நின்றாள். "சார், இது படிக்காம கெடந்த புஸ்தகம் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல பேர் வராததால யாராலயும் கேக்க முடியல. அவ்ளோதான்."

"எனக்குத் தெரியாதா? ஆனா எடம் வேணுமே. தலைமை வளாகத்துல கேட்டேன், எடமில்லன்னுட்டாங்க. பொது நூலகத்துலயும் கேட்டேன். நீ பட்டியலக் குடு. கையெழுத்துப் போடறது நாங்க. உனக்கு என்ன?"

அன்று மத்தியானமே தேசூருக்குப் போன் செய்தாள். ரத்னாவதிதான் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பதறிப்போய் உள்ளே ஓடினாள். பத்மராஜின் குரல் போனிலேயே கேட்டது.

"பயமுறுத்திப் பாக்கறாங்க! எந்த லைப்ரரியாவது புஸ்தகத்த எடைக்குப் போடுமா? சும்மா சொல்லி என்ன வரவைக்கலாம்னு பாக்கறாங்க. போன வைய்யி."

ஸ்வர்ணலதா பட்டியலை எடுத்தாள். எடுக்காவிட்டால் வேறொருவர் எடுப்பார், தன்னை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தாள். அடுத்த அறைக்குக் கேட்கும்படி பிரிண்டர் முழுநாளும் இரைந்தது. தலைப்பு இல்லாத வெறும் எண்கள், பக்கம் பக்கமாக. குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டார்கள். எந்தப் புத்தகத்தைக் கழிக்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

லாரி வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கூலியாட்கள் புத்தகங்களைக் கோணியில் கொட்டி, கட்டி, மேலே எறிந்தார்கள். ஸ்வர்ணலதா நாலைந்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கீழே போனாள். எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றாள். ஈரத்தில் அட்டை பிரிந்த புத்தகம் ஒன்று காலடியில் கிடந்தது. குனிந்து எடுப்பதற்குள் ஒருவன், "நகருமா, ஜல்தி, அடுத்த லோடு இருக்குது" என்று அதையும் வாரிக்கொண்டு போய்விட்டான். சிவகாசிப் பக்கம் காகித ஆலைக்குப் போவதாகச் சொன்னார்கள்.

பத்மராஜ் வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. ரத்னாவதி தினமும் சொல்லிச் சொல்லி அனுப்பி வைத்திருக்கிறாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் அதே துணிப்பை. அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். இப்போது யாரும் கழற்றுவதில்லை.

"ஹேமநாத் வரலன்னா போகட்டும். அவரு வரலன்னு நானும் வராம இருந்தா எப்படி? ஒக்காரு, ஆரம்பிக்கலாம்."

புத்தகங்கள் போனதை யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்று ஸ்வர்ணலதா நினைத்தாள். இல்லை என்று தெரிந்ததும் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவர் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டார். ஃப்ளாப்பிகளில் பாதி பூசணம் பிடித்துப் படிக்க முடியாமல் போயிருந்தன. மீதியை ஞாபகத்திலிருந்து எழுதினார். மறுநாள் மத்தியானம் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தமிழ் வந்தது. வரிசை வரிசையாகத் தலைப்புகள். தன் கையால் அடித்த தலைப்புகள் என்பதால் ஸ்வர்ணலதாவுக்குப் பலவும் ஞாபகம் இருந்தன. பத்மராஜ் குழந்தை மாதிரி நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினார்.

"பாத்தியா, ஒண்ணுகூடப் போகல! எதுனா ஒரு புஸ்தகத்த எடுத்துகினு வா. சரியா வந்திருக்குதான்னு பாத்துடலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னாமா?"

"இல்லீங்க சார்."

"எது இல்ல?"

அவள் அவரைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூடம் முழுக்கத் தடுப்புத் தடுப்பாக மரப்பலகை அடித்து, புதிய கம்ப்யூட்டர்கள் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. சுவரில் அலமாரிகள் இருந்த இடங்கள் மட்டும் பெயின்ட் வெளுக்காமல் பட்டை பட்டையாகத் தெரிந்தன. பத்மராஜ் ஒரு பட்டையின் மேல் கையை வைத்தார். "நீ போன் பண்ணியே" என்றார். கையை எடுக்காமலே, "நீ போன் பண்ணியேம்மா" என்று மறுபடியும் சொன்னார். அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

தமிழ்த் தலைப்புகள் திரும்ப வந்ததில் ஹேமநாத்துக்குச் சந்தோஷம். மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, புத்தக எண்ணிக்கை குறைந்து காட்டக் கூடாது. பதிவுகளில் 'உள்ளது' என்றிருப்பதை அப்படியே விடச் சொன்னார். குழு வந்தது, பாராட்டிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு கண்ணமங்கலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சி மாணவி. தான் தேடும் தலபுராணம் வேறெந்த நூலகத்திலும் இல்லை, இங்கே இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறது என்று ஆசையோடு சொன்னாள். ஸ்வர்ணலதா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "இல்லமா, எடைக்குப் போட்டுட்டாங்க" என்றாள். அந்தப் பெண் புரியாமல் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் போனதும் ஸ்வர்ணலதா உட்கார்ந்து எல்லாப் பதிவுகளிலும் 'உள்ளது' என்பதை 'அழிக்கப்பட்டது' என்று மாற்றினாள். ஒரே ஒரு வரிக் கட்டளை போதுமானதாக இருந்தது. மாற்றியது யார் என்று ஹேமநாத் கத்தியபோது, "நான்தாங்க சார்" என்றாள். திரும்ப மாற்றச் சொன்னார். முடியாது என்றாள். ஜூன் மாதம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவள் போன மறுநாள் யாரோ அதைத் திரும்பவும் 'உள்ளது' என்று மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

கோட்டை மைதானத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குப் போனாள். 2008இல் தேசூருக்கு ஒருமுறை போய் வந்தாள். பத்மராஜ் வீட்டில் இல்லை. தலைப்புகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார் என்று ரத்னாவதி சொன்னாள். வெம்பாக்கம், செய்யாறு, வந்தவாசி என்று நயினார் வீடுகளில் ஏறி இறங்கி, இந்தப் புத்தகத்துக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்கிறாராம்.

"எதுனா கெடச்சிதாங்க?"

"எங்கமா? போற வூட்ல எல்லாம் ஒரே பதில்தான். எங்ககிட்ட இருந்தத அப்பவே ஆரணி லைப்ரரிக்கிக் குடுத்துட்டமேன்றாங்க. அங்க பத்திரமா இருக்குதான்னு இவரையே கேக்கறாங்களாம்."

"சார் என்ன சொல்றாரு?"

ரத்னாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருக்குதுன்னுதான் சொல்லிட்டு வர்றாரு."

ஸ்வர்ணலதா அவர் வரும்வரை காத்திருக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.