ஹலோவுக்குப் பதில் இல்லை

கச்சான் காற்று எங்கள் ஊர்ப் படகையெல்லாம் விரட்டிக் கரையேற்றிவிட்டது, என் வீட்டுக்காரர் படகைத் தவிர. அவரைத் தேடிப் படகு முதலாளி பாக்கர் பாய் வேறு படகில் கிளம்பினார். போகும்போது வாக்கி டாக்கியை என் கையில் திணித்தார்.

"விடாமக் கூப்பிட்டுக்கிட்டே இரு, பஞ்சம்மா."

கூப்பிட்டேன். ஹலோ, ஹலோ. தொண்டை வறண்டதுதான் மிச்சம். நான் மட்டுமா கூப்பிடுகிறேன்? கடற்கரையில் உள்ள ஊரெல்லாம் அதே பெட்டிக்குள் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தது.

"சிநேகா அப்பா, ஹலோ" என்றேன்.

"எந்தச் சிநேகா அப்பாம்மா? நானும் சிநேகா அப்பாதான், வாலிநோக்கத்துல இருந்து பேசுறேன்" என்றது ஒரு குரல். பெட்டியைத் தூக்கிக் கடலில் எறியலாம் போலிருந்தது.

பக்கத்தில் மகள் சிநேகா அழுதுகொண்டு நின்றாள். காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாள். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அவள் மேல் பாய்ந்தேன்.

"என்ன எழவு வார்த்தைடி இது? ஹலோன்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் இல்லம்மா, வெறும் சத்தம். அந்தக் காலத்துல வெள்ளக்காரங்க ஊர்ல, அக்கரையில நிக்கிற ஓடக்காரன இப்படித்தான் கத்திக் கூப்பிடுவாங்களாம். டெலிபோன் வந்த பெறகு அதுலயும் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க."

"ஏன், ஓடக்காரனுக்குப் பேரு இல்லையாக்கும்?"

"பேரு தெரியாதவங்கதான கூப்பிடுறாங்க."

சுருக்கென்றது. எனக்குப் பேர் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை நான் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட சிநேகாவைத்தான் சொல்ல வைப்பேன். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று ஆத்தா அடித்து வளர்த்தாள். அதுவும் அவர் கடலில் இருக்கும்போது வாயைத் திறக்கவே கூடாது.

குறைகிற ஆயுசை என்னிடமிருந்து எடுத்துக்கொள், தாயே காளி என்று வேண்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

"பாண்டீஸ்வரன். புதுமடம் பாண்டீஸ்வரன். எங்கன இருக்கீக?"

வெறும் இரைச்சல். மறுபடி சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"பாண்டீஸ்வரன்தான் பேசுறேன்." அவர் குரலேதான். "இஞ்சின் நின்னுபோச்சு. முசல் தீவுக்குத் தெக்க நங்கூரம் போட்டுக் கெடக்கோம். பெட்டியில ஒரே ஹலோவா கேக்குது, யாரு யாரக் கூப்பிடுறாகன்னே தெரியல. நீங்க யாரும்மா?"

இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய மனுஷன் கேட்கிறார். என் வாயிலிருந்து தன் பேரை அவர் கேட்டதே இல்லையே, நான்தான் என்று எப்படித் தெரியும்?

"ஒங்க பொண்டாட்டி" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.