அறுந்ததே இல்லாத ஸ்ட்ரிங்

மச்சான் அடித்த பந்து பின்வேலியைத் தாண்டிப் பறந்து, கார் நிறுத்துமிடத்தில் எதன் மேலோ டங்கென்று விழுந்தது. ஆறுக்கு இரண்டு. ஆட்டம் என்னுடையது. நாற்பதைத் தாண்டிய ஆள் என்பதெல்லாம் மறந்து குதித்தேன். குதித்ததில் தொப்பி எங்கோ போனது, எடுக்கவும் தோன்றவில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஞாயிறு காலைகளில் சேர்ந்து டென்னிஸ் ஆடுகிறோம். தங்கையைக்கூட எனக்குக் கொடுத்துவிட்டான், ஒரு செட்டை மட்டும் கொடுத்ததில்லை. இந்த ஒரு மாதமாகத்தான் என் காட்டில் மழை. வாராவாரம் ஜெயிக்கிறேன். போதாக்குறைக்கு கிளப் கோப்பையின் ஃபைனலுக்கும் வந்துவிட்டேன். அரையிறுதியில் எதிராளிக்குக் கால் பிசகியதால் மச்சானும் வந்துவிட்டான்.

பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பேக்கரியில் மூட்டை மூட்டையாக மாவு பிசைந்த கை.

"கை போச்சு மாப்ள. மெதுவா தட்டினாலும் வெளிய போவுது. முழங்கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஃபைனலுக்கு நான் வரல. கப்பு உனக்குத்தான்."

பக்கத்தில் உட்கார்ந்த என் மடியில் ராக்கெட்டை வைத்தான். "இதையும் நீயே வச்சுக்க. கண்ணு முன்னாடி இருந்தா ஆடத் தோணும்."

"சும்மா இரு மச்சான்" என்று ஒப்புக்குச் சொன்னேன். பொய் சொல்வானேன், மனசுக்குள் கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைப்பதா, வாசலுக்கு நேரே வைப்பதா என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டாலும் குரல் துள்ளியது.

"என் அண்ணன ஜெயிச்சதுக்கா இந்த ஆட்டம்? அவன் வரலன்னா இனிமே ஞாயித்துக்கிழமை யார் கூட ஆடுவீங்க? என் கூட சண்டையா?"

துணிக்கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே நழுவினேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன், மச்சான் கொடுத்த ராக்கெட்டைத் தொட்டுப் பார்க்கலாம் என்று குடியிருப்பின் பின்சுவருக்கு எடுத்துப் போனேன். ஒரு தட்டு தட்டினேன். பந்து சுவரில் படாமல் சுவருக்கு மேலே போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொன்று, இன்னும் மெதுவாக. அதுவும் போனது. அதோடு முழங்கையில் சுருக்கென்று ஏதோ ஏறியது. சிரிப்பு நின்றது.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் வலையாகப் பின்னிய ஸ்ட்ரிங்குகள் கோணல்மாணலாகக் கிடந்தன. ஒன்றை விரலால் தள்ளினால் தள்ளிய இடத்திலேயே நின்றது, திரும்பவில்லை. ஒன்றின் மேல் ஒன்று உரசும் இடங்களில் எல்லாம் பள்ளம். உள்ளங்கையால் தட்டினேன். ஈர அட்டைப் பெட்டியைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். மச்சானின் கை போகவில்லை. செத்துப்போனது ஸ்ட்ரிங்.

கிளப்பில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் ராக்கெட்டை நீட்டி, "என்னுது ஒருதரம்கூட அறுந்ததில்ல" என்று பெருமையடிப்பான் மச்சான். நான் பந்தைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பதால் என்னுடையது அடிக்கடி அறுந்துவிடும், புதிதும் வந்துவிடும். அவன் நேராக, அழகாக அடிப்பவன். அறுக்கவே தெரியாதவன். அறுந்தால்தானே மாற்ற வேண்டும் என்று அவன் இருந்துவிட்டான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டு நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

அப்படியானால் இந்த ஒரு மாத வெற்றி? செத்த ஸ்ட்ரிங் கொடுத்த வெற்றி. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கோப்பை தானாக வீட்டுக்கு வரும். அன்று முழுக்க லிஃப்ட் கூண்டின் தலையில் உட்கார்ந்து எண்ணெய் போடும்போதெல்லாம் இதே நினைப்பு. ஆனால் கோப்பையோடு நான் நிற்பதை நினைத்துப் பார்த்தால், எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. மனைவி கேட்டது சரிதான். அவனை நிஜமாகவே ஜெயிக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. முடியும் என்றும் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் உடம்பெல்லாம் பரபரத்தது. வேலை முடிந்த கையோடு விளையாட்டுச் சாமான் கடைக்கு ஓடினேன்.

புது ஸ்ட்ரிங் கட்டிய ராக்கெட்டைப் பேக்கரியில் கொண்டுபோய் நீட்டியபோது மச்சானின் முகம் சிவந்தது.

"யாரக் கேட்டு அறுத்த? அறுந்ததே இல்லடா அது!"

"அறுந்ததுக்கப்புறம் மாத்துறதுன்னா நான் லிஃப்ட்டு கம்பிய எப்ப மாத்துறது மச்சான்? ஆளுங்க கீழ விழுந்த பின்னாடியா?"

அவன் மாவுக் கையால் ராக்கெட்டைத் தட்டினான். கணீரென்றது. இன்னொரு தரம் தட்டினான். பிறகு ஏப்ரனோடு பின்முற்றத்துக்குப் போய், மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று சுவரில் அடிக்க ஆரம்பித்தான். பந்து சொன்ன பேச்சுக் கேட்டு அவன் கைக்கே திரும்பி வந்தது. அடித்துக்கொண்டே இருந்தான். உள்ளே அடுப்பு மணி அடித்தும் வரவில்லை.

"தெறிக்கல மாப்ள" என்றான் மூச்சு வாங்க. "மாவப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டு செத்தாலும் பாக்க நல்லாத்தான் இருக்கும். நாம என்னடான்னா மாவக் குத்தம் சொல்லிட்டிருப்போம்." பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். "இரு, ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல உன்னக் கவனிச்சுக்குறேன்."

எனக்கு இவ்வளவு பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து பல வருஷம் ஆகிறது.

கவனிக்கத்தான் செய்தான். முதல் செட்டை அள்ளிக்கொண்டு போனான். இரண்டாவதை நான் உயிரைக் கொடுத்துப் பிடுங்கினேன். மூன்றாவதில் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். வெளியே என் மனைவி இருவருக்கும் மாறி மாறிக் கத்தியதில் அவள் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் கோப்பைக்கு எனக்கு ஒரே ஒரு பாயின்ட் பாக்கி. அவனை மூலைக்குத் துரத்தினேன். எட்டிப் பிடித்து, விழுந்துகொண்டே, முழுக் கையையும் வீசி அடித்தான். அப்படி அவன் வீசிய பந்து ஒன்றுகூட இந்த ஒரு மாதத்தில் உள்ளே விழுந்ததில்லை. நான் நகரவில்லை. "அவுட்" என்று சொல்ல ஆள்காட்டி விரலைத் தூக்கியபடி, வாயெல்லாம் பல்லாகத் திரும்பினேன்.

பந்து இறங்கியது. வெள்ளைக் கோட்டின் மேல் விழுந்து, சுண்ணாம்பைக் கிளப்பிவிட்டு ஓடியது. கோட்டில் பட்டால் உள்ளேதான், பாயின்ட் அவனுக்கு. மச்சான் தரையில் கிடந்தபடியே போட்ட கூச்சலில் பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. விரல் மட்டும் மேலேயே நின்றது.