இரண்டாவது கிண்ணம்

உறையின் ஓரத்தில் அருண்ராஜ் விரலை நுழைப்பதற்குள் ஜோசபின் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஏரவாடா வீட்டின் முன்னறையில், சவப்பெட்டிக்குள் அவள் கணவர் சவரிமுத்து கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. இறப்புச் சான்றிதழுக்காக ஆதார் அட்டை தேடிய தம்பி அருண்ராஜ், அண்ணனின் சட்டைப்பையில் இந்த உறையைக் கண்டெடுத்திருந்தான்.

"ஆஸ்பத்திரி கவர் மைனி. ஏதோ வியாதிய மறைச்சிருக்கான்."

"அவரு வியாதி இல்ல. ஏதோ ஒரு பிள்ளையோடது. நம்பர் போட்டிருக்கு பாரு."

"பிள்ளையோடது இவன் பையில எதுக்கு?"

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் ஒவ்வாமை ஆராய்ச்சிப் பிரிவில் சவரிமுத்து பதினோரு வருடமாகச் சமையல்காரர். சோதனைக்கு வரும் குழந்தைக்கு இரண்டு கிண்ணம் ஷீரா என்ற ரவைக் கேசரி செய்வார், நாளுக்கு ஒன்று. ஒன்றில் பால் இருக்கும், மற்றதில் இருக்காது. எது எதுவென்று டாக்டருக்கும் தெரியக்கூடாது. அதை ஒரு வரியில் எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போடுவார். ஆஸ்பத்திரியில் வைத்தால் பிரித்துப் பார்க்க யாருக்காவது கை அரிக்கும் என்று வீட்டுக்கே கொண்டுவருவார். இரண்டாம் நாள் முடிந்த பிறகுதான் பிரிக்கலாம். முன்பே பிரித்துவிட்டால் குழந்தை மறுபடி முதலிலிருந்து சாப்பிட வேண்டும். மறுபடி உதடு வீங்கும், மூச்சு இரைக்கும்.

"என்கிட்டயாச்சும் சொன்னா என்னவாம்?" என்று அவள் சீண்டுவாள்.

"ஒனக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள கட்கி பஜார் வரைக்கும் தெரிஞ்சிரும்ட்டீ."

உறை எடையே இல்லாமல் இருந்தது. உள்ளே இருப்பது அவர் கடைசியாக எழுதிய வரி.

"ஒரு தடவ பாத்துட்டு ஒட்டிருவோம் மைனி. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் கட்டைவிரல் கையெழுத்தின் மேல் நின்றது. பிறகு உறையை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஆராய்ச்சிப் பிரிவின் டாக்டர் ப்ரியம்வதா வந்தார். பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஆண்ட்டி, இப்போ கேக்கக் கூடாது. அங்கிள்கிட்ட ஒரு கவர்..."

ஜோசபின் நீட்டினாள். டாக்டர் கையெழுத்தைப் பார்த்தார். ஒட்டிய இடத்தில் கோடு எங்கும் விலகியிருக்கவில்லை; யாரும் பிரிக்கவில்லை.

"இது இல்லேன்னா நேத்து மொத கிண்ணம் சாப்பிட்டு அந்தக் குட்டிப் பொண்ணு பட்டது வேஸ்ட் ஆண்ட்டி. ரெண்டாவது கிண்ணம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. அங்கிளே செஞ்சு வெச்சது."

"பிள்ளைக்குக் குடுங்க. அவரு செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

"எதுல பால்னு மிச்சத்தை ருசி பாத்துக் கண்டுபிடிக்க எவ்ளோ ட்ரை பண்ணிருக்கேன். ஒரு தடவகூட முடியல."

ஜோசபின் பெட்டியின் பக்கம் பார்த்தாள். "பிரிச்ச பெறவு அந்தத் தாளு எனக்குக் கெடைக்குமா டாக்டரம்மா?"

ப்ரியம்வதா தலை குனிந்தார். "அது ஃபைல்ல இருக்கணும் ஆண்ட்டி. வெளிய குடுக்கக் கூடாது."

"அப்போ அங்கனயே இருக்கட்டும்."

கல்லறைக்குப் போகும் வண்டி சந்துக்குள் நுழைந்து, டாக்டரின் காரை மறித்து நின்றது. பெட்டியைத் தூக்க அருண்ராஜ் ஆட்களைக் கூப்பிட்டான்.

"பொறு," என்றாள் ஜோசபின். "மொதல்ல அந்தக் காரு போவட்டும்."

சவ வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.