உட்கார ஒரு ஆள்

அறந்தாங்கிக்குப் போகும் முதல் பஸ் கடைத்தெருவில் ஹாரன் அடித்தபோது சம்சுன் நிஹார் சேலைத் திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி உட்கார வைத்து ஒரு வாரம் ஆகிறது. புருஷன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் வெள்ளை கட்டி வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்க வேண்டும். அவளோ வருகிற திங்கட்கிழமை புதுக்கோட்டையில் இருந்தாக வேண்டும். போகாவிட்டால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள்.

விதவைகளையும் புருஷன் கைவிட்ட ஏழைப் பெண்களையும் ஹாஸ்டலில் தங்க வைத்து, மாதாமாதம் உதவிச் சம்பளமும் கொடுத்து, மருத்துவச்சி வேலைக்குப் படிக்க வைக்கும் ஏற்பாடு அது. எட்டாவது படித்திருந்தால் போதும். கோட்டைப்பட்டினத்தில் எட்டாவது படித்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் புருஷன் பினாங்குக்குப் போய் ஆறு வருஷமாக ஒரு கடுதாசிகூடப் போடாதவள் இவள் ஒருத்திதான். நேர்காணலில் கண்ணாடி போட்ட அம்மாள், "திரும்பி வருவாரா?" என்று கேட்டபோது, "தெரியலைங்கம்மா" என்றாள். அந்த ஒரு பதிலுக்கே சர்க்கார் இடம் கொடுத்துவிட்டது என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டும். இடம் கிடைத்த செய்தி நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் வந்தது. அன்று சாயங்காலம் கை நிறைய மருதோன்றி வைத்துக்கொண்டாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்த பிறகு பினாங்கில் அவள் புருஷன் அபுபக்கரோடு இருந்த சைபுல்லா, கப்பலில் வந்து இறங்கினார். கையில் அபுபக்கரின் பச்சை இடுப்புவார் இருந்தது. "காய்ச்சல்ல மவுத்தாயிட்டாரு மாமி. அங்கயே அடக்கிட்டோம்" என்று அபுபக்கரின் தாய் ஜொஹரா பீவியிடம் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். கிழவி போட்ட கூச்சலில் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. அழுகிற வீட்டில் எப்போது இறந்தார் என்று யார் கேட்பார்கள்? பள்ளிவாசல் லெப்பையும் அந்த வாரம் ஊரில் இல்லை. சேதி வந்த அன்றைக்கே பெண்கள் சம்சுன் நிஹாருக்கு வெள்ளை கட்டிவிட்டு, மூலையில் பாய் விரித்துத் திரையும் கட்டிவிட்டார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. புருஷன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மூக்கு வந்தது, மீசை வந்தது, கண் மட்டும் வரவில்லை. கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத மனுஷன், நமக்கென்று ஒரு வழி பிறந்த நேரத்தில் வந்து குறுக்கே படுத்துக்கொண்டாரே என்று நினைத்தாள். நினைத்ததும் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, ஊர் திரும்பிய லெப்பை இறந்தவருக்காக யாசீன் ஓத வந்தார். சைபுல்லாவும் வந்திருந்தார்.

ஓதி முடித்துவிட்டு லெப்பை கேட்டார்: "எப்ப மவுத்தானாரு?"

"ரஜபு மாசம் ஹஜ்ரத். மிஹ்ராஜுக்கு முந்தின வாரம்."

லெப்பை விரல்களை மடக்கினார். "அப்ப இந்தப் புள்ளைய எதுக்கு உக்கார வச்சிருக்கீங்க? மவுத்தான நாள்லேருந்துதான் இத்தா. சேதி வந்த நாள்லேருந்து இல்ல. அது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தியே முடிஞ்சுபோச்சு. புள்ள எங்கிட்டு வேணும்னாலும் போகலாம்."

திரைக்குப் பின்னால் சம்சுன் நிஹாருக்கு முதலில் புதுக்கோட்டைதான் நினைவுக்கு வந்தது. அப்புறம்தான் அவளும் மாதங்களை எண்ணிப் பார்த்தாள். ரஜபு, ஷஃபான், நோன்பு மாதம், பெருநாள். மருதோன்றிக் கையை விரித்து விரித்துப் பார்த்துச் சிரித்தாளே, அன்றைக்கே அவள் தாலி அறுத்தவள். துக்கம் வந்து, இருக்கவேண்டிய நாளெல்லாம் இருந்து, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டது.

அப்போது ஜொஹரா பீவியின் குரல் கேட்டது. "மையத்து மொகத்தையும் பாக்கல. அடக்குன கபுரு எங்கிட்டு இருக்குன்னும் தெரியல. எம் மவனுக்காக உக்கார ஒரு ஆளாவது இருக்குன்னு நெனச்சேன். அதுவும் இல்லையா ஹஜ்ரத்?"

லெப்பை இறந்தவருக்காகக் கையேந்தினார். துஆ கேட்டுவிட்டு எழுந்து போனார். சைபுல்லாவும் தலையைக் குனிந்தபடி பின்னால் போனார்.

திங்கட்கிழமை விடிந்ததும் சம்சுன் நிஹார் டிரங்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "மாமி, நீங்க சொன்னா இருந்துர்றேன்" என்றாள். மனசார அப்படிச் சொல்லவில்லை. இரு என்று சொல்லிவிடப் போகிறாளே என்று வாசலில் இருந்த பெட்டியையே பார்த்தாள்.

"நீ இருந்து என்னத்தக் காணப்போற?" என்றாள் ஜொஹரா பீவி. "படிச்சுட்டு வா புள்ள. பஸ்ஸு போயிரும்."

சொல்லிவிட்டு இடுப்புவாரை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். மகனுக்காகத் தாய் இத்தா இருக்கிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. ஆனாலும் மருமகள் உட்கார்ந்த அதே பாயில், அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சம்சுன் நிஹார் சலாம் சொன்னாள். பதில் சலாம் வந்தது, முகம் திரும்பவில்லை.

புதுக்கோட்டை ஹாஸ்டலில் அன்று மத்தியானம் ஒரு நர்ஸம்மா எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துக் கையைப் பார்த்தார். சம்சுன் நிஹாரின் நக நுனிகளில் பெருநாள் சிவப்பு இன்னும் இருந்தது. "பிள்ளையத் தொடுற கை. நகத்த ஒட்ட வெட்டிருங்க" என்றார்.

மற்றவர்கள் ஊர்ப்பேர் கேட்டுப் பழகத் தொடங்கியிருந்தார்கள். இவள் மட்டும் கட்டிலில் தனியாக உட்கார்ந்து பத்து விரல் நகத்தையும் வெட்டினாள். மடியில் சிவப்புச் சிவப்பாக விழுந்தன. வெட்டிய நகத்தை மண்ணில் புதைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். முந்தானையில் முடிந்துகொண்டு கிணற்றடிக்குப் போனாள். யாருமில்லை. ஈரமண்ணை விரலால் தோண்டி, உள்ளே போட்டு மூடி, சின்னக் கபுரு மாதிரி குவித்து, மேலே உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தாள்.

உள்ளே வகுப்புக்கு மணி அடித்தார்கள். அவள் கையை மண்ணிலிருந்து எடுக்கவில்லை.