பூஞ்சைச் சிவப்பு

டின்னைத் திறந்ததுமே சோமசுந்தரம் மூக்கைச் சுளித்தார்.

"அன்னபூரணிம்மா, சிக்கு வாடை தூக்குதே! ஆறு வாரம் தாங்கும்னு சொன்னீங்க?"

அன்னபூரணி ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டாள். பழைய எண்ணெயின் காறல் நாக்கில் ஒட்டியது.

காஜா பேராங் வட்டாரத்தில் முறுக்குச் சுட்டு விற்பவள் அவள். வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிறவர் சோமசுந்தரம். டின்னில் அடைத்த முறுக்கு மூன்றே வாரத்தில் வாடை அடிப்பதுதான் இருவருக்கும் தலைவலி. பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் அங்காக் போட்டு மீனைக் கெடாமல் ஊறவைப்பதைப் பார்த்துத்தான் அவளுக்கு யோசனை பிறந்தது. சோற்றில் பூஞ்சை பிடிக்கவைத்துக் காயவைத்த சிவப்பு அரிசி அது. அதைப் பொடித்து மாவில் கலந்து சுட்டாள். எட்டு வாரம் ஆகியும் வாடை இல்லை. சாதா முறுக்கைப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான், ஆறு வாரம் தாங்கும் என்று சோமசுந்தரத்திடம் வாயைத் திறந்தாள்.

"எங்கேயோ தப்பு நடந்திருக்குண்ணே."

"இது மெர்டேக்கா சுதந்திர நாளுக்குப் போக வேண்டிய சரக்கும்மா. என் பேரு என்னாவுறது? விட்டுருங்க."

வீட்டுக்கு வந்து பழைய அங்காக்கையும் கடைசியாக வாங்கியதையும் தட்டில் கொட்டினாள். பழையதைக் கடித்தால் உள்ளேயும் சிவப்பு. புதியது உள்ளே வெள்ளை. தண்ணீரில் போட்டதும் நிறம் கரைந்து ஓடியது. துணிச் சாயம்!

அங்காக் விற்ற கடையின் முதலாளி தவ்க்கேயிடம் போய்ச் சத்தம் போட்டாள். எல்லாம் சிவப்புதானே என்று அவர் மலாயில் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு அரிசியையும் பொட்டலம் கட்டிக்கொண்டு மறுபடி சோமசுந்தரத்திடம் ஓடினாள்.

"பாருங்கண்ணே, வெறும் நிறம் கெடாம காக்காது. பூஞ்சை உண்டாக்குற சிவப்புக்குத்தான் அந்தச் சக்தி இருக்கு."

"பூஞ்சையா?" அவர் எழுந்தே விட்டார். "பூஞ்சை பிடிச்சதையா இத்தனை நாளா எனக்குத் தின்னக் குடுத்தீங்க?"

அதற்குமேல் அவள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பிடி நல்ல அங்காக் வாங்கி, அதை உறையாகத் தூவி, வேகவைத்த அரிசியில் அன்னபூரணியே பூஞ்சை வளர்த்தாள். முதல் தட்டு கறுத்தது. இரண்டாவது பச்சையாய்ப் பூத்தது. ஆத்திரத்தில் அதைத் தட்டோடு வீசினாள். மூன்றாவது, ஒன்பதாம் நாள் செக்கச்செவேலென்று சிவந்தது. அதைக் கலந்து சுட்ட முறுக்கு ஆறு வாரம் கடந்தும் மொறுமொறுப்பாக, வாடையில்லாமல் இருந்தது. அதற்குள் மெர்டேக்கா வந்து போய்விட்டது. சோமசுந்தரமும் பிஸ்கட்டுக்கு மாறிவிட்டார்.

அவளே டின்களைத் தூக்கிக்கொண்டு புக்கிட் பாரு கடைத்தெருவுக்குப் போனாள்.

"ஏன் சிவப்பா இருக்கு?" என்று முதல் கடையில் கேட்டார்கள். விளக்கினாள். வேண்டாம் என்றார்கள். இரண்டாவது கடையிலும் அதே கதை.

மூன்றாவது கடையில், "மிளகாய்த்தூள்" என்றாள்.

கடைக்காரர் உடனே நான்கு டின் எடுத்துக்கொண்டார். வெளியே வந்த அன்னபூரணிக்குச் சந்தோஷம் வரவில்லை; எரிச்சல்தான் வந்தது.