கெஸ்ட்ரல் அறையின் சுவர்

உயரமான பிள்ளை என்பதால் பள்ளிக்கூடத்தில் ஜெனோஜாவுக்கு ஆளுயரத் தந்தி வாத்தியமான டபிள் பேஸைக் கொடுத்தார்கள். அதன்பிறகு அவள் அந்த வாத்தியத்தை விடவேயில்லை. கிழமை நாட்களில் ஸ்பிரிங்வேலில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. ஞாயிறு பின்னேரங்களில் கொலிங்வுட்டில், கெஸ்ட்ரல் அறை என்ற நிலக்கீழ் கிளப்பில் ஜாஸ் வாசிப்பாள். அங்கே பியானோ வாசித்த நோயலுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. மெல்பேர்னின் பழைய நடனமண்டபங்களில் வாசித்தவர்களில் எஞ்சியிருந்தது அவர்தான்.

கட்டடம் கைமாறியது. புதிய சொந்தக்காரர் அதை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார் என்றார்கள். "விட்டுவிடு," என்றார் நோயல். ஜெனோஜா விடவில்லை. தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, இடிக்கக்கூடாது என்ற மனுவுக்குக் கையெழுத்து வாங்கினாள். அன்ரிமார், "ஜாஸ் எண்டா என்ன பிள்ளை?" என்று கேட்டபடியே போட்டுக் கொடுத்தார்கள். கிளென் வேவர்லி வீட்டில் கணவன் றிஷி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, அவள் நகரசபைக் கூட்டங்களுக்கு அலைந்தாள். பேசத் தந்த சில நிமிடங்களில், இந்த நகரம் ஆடிய இசை இந்த ஓர் அறையில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றாள்.

கட்டடம் பாதுகாக்கப்பட்டது. செங்கல் சுவர், படிக்கட்டு, மேடை எதையும் தொடக்கூடாது என்று நகரசபை தீர்மானித்தது. அந்த ஞாயிறு அறை நிரம்பி வழிந்தது. நோயல் எழுந்து நின்று அவளுக்காகக் கை தட்டினார்.

சொந்தக்காரர் பழைய சுவரை அப்படியே வைத்துக்கொண்டு மேலே வீடுகள் கட்டினார். குடிவந்த சில கிழமைகளில் ஒரு பெண் கீழே இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் தாதி. கண்கள் சிவந்திருந்தன. "உங்கள் இசை நல்லது. ஆனால் எனக்குத் தூக்கம் வேண்டும்," என்றாள். சண்டைக்கு வந்திருந்தால் ஜெனோஜாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் டிரம்ஸை நிறுத்தினார்கள். அப்படியும் முறைப்பாடு நிற்கவில்லை. ஒலியை அளக்க வந்தவர் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மேலே ஏறுவது பேஸ் சத்தம்தான். இந்தச் சுவருக்குள்ளால் போகிறது," என்றார்.

"உள்ளே தடுப்புப் பலகை அடிக்கலாமா?"

"இதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. பாதுகாக்கப்பட்ட சுவர்."

யார் கேட்டுப் பாதுகாத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஜெனோஜா வாத்தியத்தை உறையில் போட்டு மூடினாள். பேஸ் இல்லாமல் நோயல் இரண்டு ஞாயிறு வாசித்துப் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் கெஸ்ட்ரல் அறை கோப்பிக் கடையானது.

வசந்தத்தில் நகரசபை, ஆணி அடிக்கக்கூடாத அதே சுவரில், அறையின் நினைவாக ஒரு பித்தளைப் பலகை பொருத்தத் தீர்மானித்து அவளைப் பேச அழைத்தது. அவள் நோயலை அழைக்கப் போனாள். முதியோர் இல்லத்தில் யன்னலோரக் கதிரையில் இருந்தார். கூடத்தில் ஒரு பியானோ நின்றது. அதன் மூடியில் பூச்சாடிகள்.

"நான் பேசாமல் விட்டிருக்கலாமோ?" என்று கேட்டாள்.

"விட்டிருந்தாலும் போயிருக்கும். கொஞ்சம் முந்திப் போயிருக்கும். அவ்வளவுதான்," என்றார் நோயல். விழாவுக்கு வரமாட்டேன் என்றார்.

விழாவில் ஜெனோஜா நோயலின் பெயரையும், அவரோடு வாசித்து இறந்துபோனவர்களின் பெயர்களையும் சொன்னாள். அத்தோடு இறங்கிவிட்டாள். ஒலிபெருக்கியில் ஒரு பழைய இசைப்பதிவு ஓடியது. யாரோ அதைக் குறைத்துவிட்டு அடுத்த பேச்சாளரை அழைத்தார்கள்.

கூட்டத்தில் அந்தத் தாதியும் நின்றாள். "இப்போது எங்கே வாசிக்கிறீர்கள்? நான் வந்து கேட்கலாமே," என்றாள். மனதார வந்த கேள்வி.

"எங்கேயும் இல்லை," என்றாள் ஜெனோஜா.

தாதி தலையைக் குனிந்துகொண்டு படியேறிப் போனாள்.

றிஷி காரில் காத்திருந்தான். "அழுதனியே?"

"இல்லை."

"பேஸை விக்கிறதெண்டு சொன்னாய். வாங்கிறதெண்ட ஆள் திரும்பக் கேட்டவர்."

"வந்து பாக்கச் சொல்லுங்கோ," என்று சீற் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.