ஏழாவது கேள்வி

எனக்கு வாய் நீளம். தேக்கா மார்க்கெட் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பூக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே இருக்கிறது எங்கள் கிளினிக். அதன் கவுன்டரில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நம்பர் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து முழிப்பவர், மூன்று வேளை மாத்திரையை ஒரே வேளையில் விழுங்கியவர், பிள்ளைக்குக் காய்ச்சல் நாலு நாளாக இருக்கிறது என்று இன்றைக்கு வந்து சொல்பவர், எல்லோரும் இந்தச் சாமுண்டீஸ்வரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

புதிதாக வரும் பெண்களுக்கு ஒரு படிவம் உண்டு. பெயர், அடையாள அட்டையின் ஐசி நம்பர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக மாதவிலக்கு எப்போது, இப்படிப் போகும். ஏழாவது கேள்வி, உடலுறவு உண்டா என்பது. ஆங்கிலத்தில்தான் இருக்கும். பக்கத்தில் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். தெரியாதவர்களுக்கும், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்களுக்கும் நான்தான் நிரப்புவேன். பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள், அதில் மூன்று பேர் ஆம்பளைகள். அங்கே இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது? அதனால் "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்பேன். ஆயிற்று என்றால் முதல் கட்டம், ஆகவில்லை என்றால் இரண்டாவது. யாரும் சொல்லித் தந்ததில்லை, நானாகக் கண்டுபிடித்த நாசூக்கு. பெண்களைச் சங்கடப்படுத்தாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டர் ரத்னவேல் ஒருமுறை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தலைகால் புரியவில்லை எனக்கு. வெட்கக்கேடு.

நிவேதிதா என் தங்கை. என்னைவிட எட்டு வயது இளையவள். ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. குவீன்ஸ்டவுன் வீட்டில் அம்மாவோடு இருந்தாள். நாற்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சரத் என்று ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். எம்.ஆர்.டி. ரயில் பராமரிப்பில் டெக்னீஷியன், தங்கமான மனுஷன், ஆனால் விவாகரத்தானவர். எங்கள் அண்ணன் கதிரேசன் குதித்த குதியில் அந்தப் பேச்சு அன்றோடு அடங்கிவிட்டது. அப்பா போன பிறகு வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவளும் அப்புறம் அந்தப் பெயரை எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

போன வருஷம் பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த வாரம், அவள் கிளினிக்குக்கு வந்தாள். மாதவிலக்கு முடிந்த பிறகும் இடையிடையே ரத்தம் படுகிறது என்று குனிந்து என் காதோரம் சொன்னாள். அன்றைக்கு ஒரே கூட்டம். படிவத்தை அவள் கையில் கொடுக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. என் தங்கையைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன? ஐசி நம்பர்கூட மனப்பாடம். கடகடவென்று நானே நிரப்பினேன். ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று டிக் போட்டு, திருப்பி வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டாள்.

டாக்டர் ரத்னவேல் வயதானவர், கைராசிக்காரர். 'இல்லை' என்று இருந்தால் உள்ளே சோதித்துப் பார்க்க மாட்டார், கர்ப்பப்பை வாயில் பேப் ஸ்மியர் சோதனையும் எடுக்க மாட்டார். கல்யாணமாகாத பெண்ணை எதற்குப் பாடுபடுத்துவது என்பார். ஹார்மோன் கோளாறு, நாற்பதை நெருங்கினால் இப்படித்தான் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும் பெண்கள் நாள் தள்ளிப் போக வாங்கிக்கொண்டு போவார்களே, அதே மாத்திரை. நான்தான் எண்ணி, கவரில் போட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதிக் கொடுத்தேன்.

ரத்தம் நின்றது. பிறகு மறுபடி வந்தது. பதினைந்து மாதத்தில் நாலு முறை வந்தாள், நாலு முறையும் அதே மாத்திரை. கடைசி முறை இடுப்பு வலிக்கிறது, வேறு டாக்டரைப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். பொம்பளை என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், சும்மா கூகிளைப் பார்த்துப் பயப்படாதே என்று நான் ஒரு அதட்டுப் போட்டேன். சரிக்கா என்று போய்விட்டாள்.

இந்த வருஷம் மே மாதம் ஆபீஸ் லிஃப்ட்டில் மயங்கி விழுந்தாள். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேரும்போது அவசரப் பிரிவில் சின்ன வயதுச் சீன டாக்டரம்மா ஒருத்தி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை வெளியே நிற்கச் சொல்லித் திரையை இழுத்துவிட்டாள். திரை காதை மறைக்குமா? அந்தக் கேள்வியை அவள் ஆங்கிலத்தில், டீயா காப்பியா என்று கேட்பது மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள். என் தங்கை "யெஸ்" என்றாள். எவ்வளவு காலமாக என்றதற்கு, ஒன்பது வருஷமாக, ஒரே ஆள்தான் என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? உள்ளே ரத்தம் போய் வெளிறிக் கிடக்கிறாள், வெளியே எனக்கு, எங்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் ஒரு பத்து நிமிஷம் இருந்திருக்கும். டாக்டரம்மா வெளியே வந்து, இதற்கு முன்னால் யாருமே உள்ளே சோதித்துப் பார்க்கவில்லையா என்று என்னிடம் கேட்டபோது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் ஒரு கிருமியால் வருவதாம். சிறுநீர்க் குழாயை நெரித்துக்கொண்டு, நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்திருந்தால் என்று ஆரம்பித்த புற்றுநோய் டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வார்டில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்த முதல் மத்தியானம், ஏன்டி அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ டிக் போட்டத நான் பாத்துக்கிட்டுத்தான்க்கா இருந்தேன். மத்த கேள்விக்கெல்லாம் ஒரு செகண்ட் யோசிச்ச. அதுக்கு மட்டும் பேனா நிக்கவே இல்ல. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அண்ணனுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. ஒன்றேகால் வருஷம் மாத்திரை கொடுத்தே ஏமாற்றிவிட்டான் கிழவன், சும்மா விடுவேனா என்று கொதித்தான். கிளினிக்கிலிருந்து பதிவுகளை எழுதிக் கேட்டு வாங்கினான். சுப்பிரமணியம் என்ற வக்கீலிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். வக்கீல் அந்தப் படிவத்தை மேசையில் வைத்து, ஏழாவது கேள்வியின் மேல் விரலை வைத்தார். இந்தப் பதில் இப்படி இருக்கும்வரை டாக்டர் மேல் குற்றம் நிற்பது கஷ்டம். இது தவறு, நோயாளியைக் கேட்காமலே போட்டது என்று காட்டினால்தான் வழக்கு. உங்கள் தங்கையும் உண்மையைச் சொல்லவேண்டி வரும். இப்படி அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

வேலை போனால் போகிறது என்று நான் வாயைத் திறந்தேன். "நான்தான் போட்டேன். அவளைக் கேக்காமலே போட்டேன். அது தப்பு. எங்க வேணா வந்து சொல்றேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நீ போட்டதுதான் சரி, சாமு," என்றான் அண்ணன். "அது அப்படியே இருக்கட்டும்."

எழுந்து வக்கீலுக்குக் கை கொடுத்துவிட்டு நடந்தான். வழக்கு அதோடு முடிந்தது. லிஃப்ட்டில் இறங்கும்போதே சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டான். கிட்னி கோளாறு. அம்மாவுக்கும் அதுவேதான். எவன் அவன் என்று என்னைக் கேட்டான். நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்று சாயங்காலமே, நோயாளிக்குப் போன் எதற்கு, தூங்கட்டும் என்று நிவியின் போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதில் சரத்தின் பெயர் இருந்தது. சரத்துக்கு அவள் எந்த மருத்துவமனையில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. வயிற்று வலி, இரண்டு நாள் படுக்கை என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தாளாம், பயப்படுவார் என்று.

ஜூலையில் அவள் குரல் பாதியாகிவிட்டது. அண்ணன் வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்தால் எட்டு மணி வரைக்கும் கட்டில் பக்கத்திலேயே காவல். ஒருநாள் மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சரத்த ஒரு தடவ கூட்டிட்டு வா. மத்தியானம் வந்தா அண்ணனுக்குத் தெரியாதுலா. அஞ்சு நிமிஷம் போதும்."

நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். திசு பேப்பரில் எழுதிக்கொண்டு கீழே வந்தேன். வாசலில் டாக்சி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது, அதில் உட்கார்ந்தேன். எட்டு எண்ணையும் அழுத்தினேன். பச்சைப் பொத்தானைத்தான் அழுத்தவில்லை.

காரணம் சொல்கிறேன், காறித் துப்புவதானால் துப்பலாம். என் மகள் சங்கீதாவுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் காத்தோங்குக்காரர்கள், கௌரவமான குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா வாரத்துக்கு இரண்டு முறை பழக்கூடையோடு வார்டுக்கு வந்துகொண்டிருந்தார், அதுவும் பெரும்பாலும் மத்தியானத்தில். நல்ல மனுஷிதான். ஆனாலும் கல்யாணமாகாத சித்தி, ஒரு ஆம்பளை, இந்த நோய், எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? அப்புறம் அண்ணன் முகம் வேறு கண் முன்னால் வந்து நின்றது. என் நீள வாய் எங்கே போனதோ தெரியவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே போனேன்.

"அடிச்சேன்டி, எடுக்கல," என்றேன்.

"நைட் ஷிஃப்டா இருக்கும், தூங்குவாரு," என்றாள். "நாளைக்கு அடி."

மறுநாளும் கேட்டாள். எடுக்கவில்லை என்றேன். மூன்றாம் நாள், சைலண்டில் போட்டிருப்பார், அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். நான்காம் நாள் கேட்கவில்லை. வாசல் பக்கம் தலையைத் திருப்பியே படுத்திருந்தாள். கழுத்து வலிக்கும், நேராகப் படு என்று நர்ஸ் இரண்டு தடவை திருப்பிவிட்டும் மறுபடி அப்படியே திரும்பிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, நான் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தினோம். சொந்தபந்தம் எல்லாம் வந்தது. கிட்னி, பாவம், கல்யாணம்கூடப் பார்க்காத பிள்ளை, கன்னியாகவே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்து நாற்காலியில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மண்டாய் தகனச்சாலைக்கு எடுக்க அரை மணி நேரம் இருக்கும்போது கப்பல் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவளோடு வேலை பார்த்த ஷமீமா முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால், நீலச் சட்டையில், காதோரம் நரைத்த ஒருவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே தடவை பார்த்த முகம், ஆனாலும் தெரிந்துவிட்டது. மற்றவர்களைப் போலவே பூப் போட்டார். ஒரு நொடிகூட அதிகம் நிற்கவில்லை. யாருக்கும் சந்தேகம் வந்துவிடக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார். பிறகு வரிசையில் வந்து எனக்குக் கை கூப்பினார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லப் பேசினார்.

"அக்கா, ரெண்டு மாசமா போன் எடுக்கல. என்மேல ஏதோ கோபம்னு நெனச்சிட்டேன். நேத்துதான் ஷமீமா சொன்னாங்க. கடைசியா என்னைக் கேட்டாளா?"

பக்கத்து நாற்காலியில் விசும்பல் நின்றிருந்தது. என் கையைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. எதிரே அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல," என்றேன்.

அவர் தலையசைத்தார். பிறகு, "கூட இருந்து பாத்துக்கிட்டீங்களே, அது போதும். தேங்க்ஸ்க்கா," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார்.